பதினேழாவது கேள்வி

செர்பியாவின் மேற்கே, யசேனிக் குன்றில்
சரிவெல்லாம் ராஸ்ப்பெரி.
ஜூன் கடைசியில் பழுத்துவிட்டால்
மூன்று வாரம் ஒருவருக்கும் தூக்கமில்லை.

கழுவ முடியாத பழம் இது.
தண்ணீர் பட்டால் கூழ்.
செடியிலிருந்து கைக்கு, கையிலிருந்து பெட்டிக்கு,
பெட்டியிலிருந்து குளிர்கிடங்குக்கு.
வழியில் எது ஒட்டியதோ
அது உறைந்தபடியே போய்ச் சேரும்.

ஆகஸ்டில் கடிதம் வந்தது:
வடக்கே ஏதோ ஒரு நகரத்தில்
பிறந்தநாள் கேக் தின்ற
இருபத்தொரு பேருக்கு வாந்தி.
பெட்டியில் இருந்த எண்
எங்கள் குன்றுடையது.

பண்பாட்டு மன்றத்தில் கூட்டம்.
போன வாரத் திருமணத்தின் காகிதப் பூக்கள்
மேடையில் இன்னும் இருந்தன.

விதோசாவ் நோட்டுப் புத்தகத்தோடு எழுந்தார்.
"புட்டியில் ஏழு நாள் என்று போட்டிருக்கிறது.
ஏழு நாள் பறிக்காமல் இருந்தேன்.
தேதி இருக்கிறது, மழை பெய்த நேரம்கூட இருக்கிறது.
மேலே இவள் கொட்டுவது சாணம்.
சாணத்துக்கு லேபிள் உண்டா?"

சிரித்தார்கள்.
ராதோய்க்கா எழுந்திருக்கவில்லை.
"ஆறு மாதம் மக்கிய சாணம்.
குவியலுக்குள் வெப்பமானியைச் சொருகி
அறுபது டிகிரி ஏறும்வரை காத்துக் கிடந்தவள் நான்.
உன் ஏழு நாள் ஒரு மருந்துக்கு.
நீ அடிப்பது நாலு.
நாலையும் ஒரே வயிற்றில் கூட்டிப் பார்த்தது யார்?
காற்றடித்த அன்று
உன் தூறல் என் வேலி தாண்டி வந்தது.
அதற்கு என் சான்றிதழைப் பிடுங்கினார்கள்.
திரும்ப வாங்கப் பணம் கட்டியதும் நான்."

"வரம்பு வைத்தது அரசாங்கம்!"
"வைத்தவன் தின்கிறானா?"
நாற்காலிகள் இரண்டு பக்கமாக நகர்ந்தன.
அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறு பக்கம்.
குளிர்கிடங்கு ஸ்லாவோல்யுப் மட்டும்
எந்தப் பக்கமும் போகவில்லை.
இரண்டு விலைக்கு வாங்கி
ஒரே கதவுக்குள் அடுக்கியவர் அவர்.

பிறகு என்னைக் கேட்டார்கள்.
நான் மாதிரி எடுப்பவள்.
ஆய்வக அறிக்கையைப் படித்தேன்:
கீழ்த் தோட்டத்தில் மருந்து வரம்புக்குள்.
மேல் தோட்டத்தில் சாணக் கிருமி இல்லை.
இரண்டிலும் ஒரே வைரஸ்,
மாட்டிடமிருந்து வராதது,
மனிதனிடமிருந்து வருவது.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.
தெற்கிலிருந்து பேருந்தில் வரும் நாற்பது பேர்
காலையில் கீழே பறிப்பார்கள், மாலையில் மேலே.
அவர்களை யாரும் கூட்டத்துக்கு அழைக்கவில்லை.
பேருந்து ஜூலையிலேயே திரும்பிவிட்டது.

"அவர்களுக்குத்தான் ஆறு இருக்கிறதே"
என்றார் விதோசாவ்.
"ஆமாம், ஆறு இருக்கிறது"
என்றாள் ராதோய்க்கா.
பதினோரு வருஷத்தில்
அவர்கள் ஒத்துப்போனது அன்றுதான்.

நான் சொல்லாதது:

என்னிடம் இரண்டு படிவங்கள் உண்டு.
இயற்கைத் தோட்டத்துக்குப் பச்சை, மற்றதற்கு வெள்ளை.
கேள்விகள் வேறு வேறு,
பதினேழாவது மட்டும் இரண்டிலும் ஒன்று:
பறிப்போருக்குக் கழிப்பறை, சோப்பு,
ஓடும் தண்ணீர் உண்டா?

அன்று மழை.
சேற்றில் இறங்க மனமில்லாமல்
காருக்குள்ளேயே எழுதிக்கொண்டிருந்தேன்.
வெர்கா என்ற பெண் கண்ணாடியைத் தட்டினாள்,
காகிதம் இருக்குமா என்று.
எந்தக் காகிதம் என்று
கேட்க வேண்டியிருக்கவில்லை.
பாதிப் பொட்டலம் டிஷ்யூ கொடுத்தேன்.
வரிசைகளுக்கு நடுவே குனிந்து மறைந்தாள்.
கண்ணாடியை ஏற்றிவிட்டு
பச்சையில் ஒரு டிக், வெள்ளையில் ஒரு டிக்.

"விசாரணை நடக்கிறது" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

கூட்டம் கலைந்ததும்
மன்றத்துக் கழிப்பறையில் கை கழுவினேன்.
சோப்பு இருந்தது. வெந்நீர்கூட வந்தது.
வாசலில் ஸ்லாவோல்யுப் சிகரெட்டை அணைத்தபடி
மெதுவாகக் கேட்டார்:
"அடுத்த வருஷமும் நீதானே வருவாய்?"